ஆளுக்கு ஒரு கை

வெள்ளைப் பூ மட்டுமே பூக்க வேண்டிய பீன்ஸ் வயலில் ஊதாப் பூ பூத்திருந்தது.

ஒன்றிரண்டு என்றால் ஓபேத் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். எண்ண ஆரம்பித்தான். நாற்பதில் நிறுத்திக்கொண்டான். அதற்குள் நாலு வரிசைதான் முடிந்திருந்தது. ஐந்தாவது வரிசையில் இளஞ்சிவப்பும் தலைகாட்டியது.

மணி ஏழு. மலையில் மூடுபனி இன்னும் கலையவில்லை. விதை ஆய்வாளர் பதினொரு மணிக்கு வருகிறார்.

அவர் வயலைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பச்சைச் சீட்டு கிடைக்கும். பச்சைச் சீட்டு தைத்த மூட்டை விதை. தைக்காத மூட்டை சாப்பாடு. இரண்டுக்குள்ளும் இருப்பது அதே பீன்ஸாக இருக்கலாம். ஆனால் கபாலே நகரத்தில் விதைக்கடை வைத்திருக்கும் பெனான், சீட்டு இல்லாத மூட்டையைக் கடைப் படியில் ஏற்ற மாட்டான்.

கிஹும்பே பெண்கள் விதைக் குழுவில் முப்பத்தொரு பேர். இந்தச் சீட்டுக்காக இரண்டு வருடமாகப் பாடுபடுகிறார்கள். போன பருவத்தை ஆலங்கட்டி மழை கொண்டுபோயிற்று. இந்தப் பருவமும் போனால் ஆராய்ச்சி நிலையம் புது ரக விதையை வேறு மலைக்குக் கொடுத்துவிடும். தலைவி ஜெனரோசா, சீட்டுத் தைப்பதற்கென்றே தடித்த ஊசியும் பச்சை நூலும் வாங்கி வைத்திருக்கிறாள். “நூலும் பச்சையா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்” என்று போன வாரம் அவனிடம் காட்டினாள்.

ஓபேத்தின் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். ஆராய்ச்சி நிலையம் விதை தரும். பெண்கள் அதைப் பயிரிட்டுப் பெருக்குவார்கள். ஆய்வாளர் பார்ப்பார். பெனான் விற்பான். மலை முழுக்க உள்ள விவசாயிகள் வாங்கி விதைப்பார்கள். இவர்களையெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசவைப்பது ஓபேத்தின் பொறுப்பு. அவர்கள் பேசுவதை நிறுத்தியதே இல்லை.

அவன் ஜெனரோசாவின் வீட்டுக்கு ஓடினான். ரப்பர் பூட்ஸோடு மேட்டில் ஓடுவது ஓட்டத்தில் சேர்த்தியில்லை. போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மூச்சு இரைத்தது.

ஜெனரோசா சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“உக்காரு தம்பி. மூச்சு வாங்கிட்டுப் பேசு.”

“அக்கா, வயல்ல ஊதாப் பூ.”

“ஆமா. அழகா இருக்குல்ல?”

“யாரு போட்டது?”

“எல்லாருந்தான்.” கத்தி நிற்கவில்லை. “நடுநடுவுல முளைக்கவே இல்லப்பா. பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்துச்சு. ரோட்டுல போறவன் வர்றவன் என்ன நினைப்பான்? ஆளுக்கு ஒரு கை போட்டோம்.”

“எந்த விதை?”

“வீட்டுல இருந்தது.”

ஓபேத் கண்ணை மூடிக்கொண்டான். கிஹும்பேயில் ‘வீட்டில் இருந்தது’ என்றால் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், புள்ளி போட்டது, கோடு போட்டது, எல்லாம் ஒரே பானையில். மழை கூடினால் ஒன்று காய்க்கும், குறைந்தால் இன்னொன்று. எதுவும் காய்க்காத வருடம் என்று ஒன்று வராது. தனித்தனியாகப் பிரித்து வைப்பவளைப் பார்த்தால் மாமியாரோடு சண்டை போலிருக்கிறது என்பார்கள்.

அதோடு, இந்த மலையில் வயலில் இடைவெளி விட்டு வைப்பது கிழிந்த துணியோடு சந்தைக்குப் போவதற்குச் சமம். சொந்த வயல் என்றில்லை. அடுத்தவர் வயலில் வெறுமையாக ஓர் இடம் தெரிந்தாலும் போகிற போக்கில் ஒரு கை போட்டுவிட்டுப் போவார்கள். அது உதவி. கேட்டுவிட்டுச் செய்தால் குத்திக்காட்டியதாக ஆகிவிடும்.

“முப்பத்தொரு பேருமா போட்டீங்க?”

“வெளியாளுங்களும் போட்டாங்க. நம்ம பாஸ்டர்கூட ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப நின்னு, பாக்கெட்டுல இருந்து ஒரு கை எடுத்துப் போட்டாரு. தங்கமான மனுஷன்.”

“பாஸ்டர் பாக்கெட்டுல எதுக்கு பீன்ஸ் வெச்சிருக்காரு?”

“காணிக்கையா வந்ததா இருக்கும். அத நாம கேக்கக் கூடாது.”

“அக்கா, பதினோரு மணிக்கு ஆய்வாளர் வர்றாரு. இப்படி வேற ரக மாறுசெடி இருந்தா சீட்டு கிடையாது. பயிற்சியில சொன்னேனே? வேற பீன்ஸ் பக்கத்துலகூட இருக்கக் கூடாது, ஆடு மாடு வரக் கூடாது, கலப்பு...”

“சொன்னே. ரெண்டு நாள் சொன்னே. ஒரு வார்த்தை மறக்கல.” ஜெனரோசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைக் கவலையோடு பார்த்தாள். “இப்போ என்ன, அந்த வயல் சுத்தமா இருக்கணும். வர்றவங்க பார்த்துட்டுப் போகணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்தே? ராத்திரி தூங்கினியா இல்லியா?” கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள்.

விசில் சத்தம் மலையில் இறங்கி எதிர்மலையில் ஏறித் திரும்பி வந்தது. வாழைத் தோப்புகளிலிருந்து பெண்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள்.

அந்த ரோட்டோர வயலைத் தேர்ந்தெடுத்தது பெண்கள் இல்லை. கபாலேயில் ஓர் ஓட்டலில் முழுநாள் நடந்த கூட்டத்தில் எல்லாத் தரப்பினரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ரோட்டோரம் என்றால் வண்டி போகும். அதிகாரிகள் காலணி நனையாமல் பார்க்கலாம். ஏழு அமைப்புகளின் சின்னத்தோடு பலகை நடலாம். இரண்டு பக்கமும் அடுத்தவர்களின் பீன்ஸ் வயல்கள் இருக்கின்றன, பாஸ்டரின் ஆடுகளும் அந்த வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகும் என்று சொல்ல ஓபேத் கையை உயர்த்தினான். அந்த நேரம் பார்த்து மதிய உணவு வந்துவிட்டது. முடிவை அவன்தான் பெண்களிடம் வந்து சொன்னான். “ரோட்டோரம் ஒரு வயல் வேணும். வண்டியில வர்றவங்க பார்க்கணும்.” பெண்கள் சரி என்றார்கள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

விதைப்பு நடந்த அன்று அவனால் வர முடியவில்லை. உரிய காலத்தில் விதைப்பதன் அவசியம் குறித்து நகரத்தில் கூட்டம்.

எட்டு மணிக்கெல்லாம் வயலில் ஓர் ஊதாப் பூ இல்லை. முப்பது பெண்கள் குனிந்தால் ஒரு வயல் எவ்வளவு நேரம் தாங்கும்? பிடுங்கிய செடிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஆட்டுக்கு ஆகும் என்று ஆளுக்கொரு கட்டு தலையில் வைத்துக்கொண்டார்கள்.

ஓபேத் நிமிர்ந்து வயலைப் பார்த்தான்.

முன்பு பல்லு விழுந்த வாய். இப்போது பல்லைத் தேட வேண்டியிருந்தது. பத்தடிக்கு ஒரு செடி, வெள்ளைப் பூவோடு, வழிதவறி வந்ததுபோல நின்றது.

“இவ்வளவுதானா முளைச்சுது?” என்றான்.

“போட்ட அளவுக்கு முளைச்சிருக்கு” என்றாள் ஒருத்தி.

அவன் காதில் அது விழவில்லை. அவன் கைப்பேசியை எடுத்துவிட்டிருந்தான். எல்லாத் தரப்பினரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் நாற்பத்து மூன்று பேர். அவசரத்தில் தட்டினான்: ‘நிலையம் தந்த விதை சரியாக முளைக்கவில்லை. தயவுசெய்து ஆய்வை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா?’

அனுப்பிய பிறகுதான் முதல் வாக்கியம் அங்கே தேவையில்லை என்று தோன்றியது.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பதில் வந்தது: ‘எங்கள் விதை முளைக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. நேரில் வந்து பார்க்கிறோம்.’

மாவட்ட அதிகாரி: ‘இது கூட்டுப் பொறுப்பு. நானும் வருகிறேன்.’

பெனான்: ‘முளைக்காத விதையையா என் கடையில் விற்கச் சொன்னாய்? வருகிறேன்.’

வானொலிக்காரர்: ‘எங்கள் ‘விவசாய நேரம்’ நிகழ்ச்சிக்கு நேரடி ஒலிபரப்பு செய்யலாம். வருகிறோம்.’

பாஸ்டர்: ‘ஆமென்.’

கடைசியாக ஆய்வாளர் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கேட்டவனுக்கு நாலு வண்டி கூடுதலாகக் கிடைத்தது.

“என்ன தம்பி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?”

“அக்கா, எல்லாரும் வர்றாங்க.”

“வரட்டுமே. அதுக்குத்தானே வயல்.” ஜெனரோசா இடுப்பில் கைவைத்து யோசித்தாள். “வர்றவங்க எங்க நிப்பாங்க?”

“முன் வரப்புல.”

“பின்னாடி யாராவது போவாங்களா?”

“ஆய்வாளர் போவாரு.”

“மத்தவங்க?”

“மத்தவங்க பூட்ஸ் போட்டு வரமாட்டாங்க.”

“அப்புறம் என்ன? பின்னாடி இருக்கிறத மண்ணோட பேத்து முன்னாடி நடு. முன்னாடி அஞ்சு வரிசை ஜம்முனு நிக்கும்.”

“அக்கா, இது ஏமாத்து.”

“ஏமாத்தா? வீட்டுக்கு ஆள் வந்தா நல்ல நாற்காலிய முன்னாடி எடுத்துப் போடறோம். அது ஏமாத்தா?”

ஓபேத் பல்கலைக்கழகத்தில் படித்தவன். பூத்த பீன்ஸ் செடியைப் பெயர்த்து நட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் முப்பது பேர் ஏற்கெனவே மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்வது எல்லாம் அவனுக்காகத்தான் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டு வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அவனும் ஒரு மண்வெட்டி எடுத்தான்.

ஒன்பது மணிக்கு முன்வரிசை ஐந்தும் படம் பிடிக்கலாம்போல நின்றன.

ஒன்பதரைக்குப் பனி கலைந்து வெயில் வந்தது. செடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. பள்ளியில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் நிற்பார்களே, அந்த மாதிரி.

“தண்ணி!” என்றாள் ஜெனரோசா.

ஊற்று பள்ளத்தில் இருக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு முப்பது பேரும் இறங்கி ஏறினார்கள். ஆளுக்கொரு கேன் ஊற்றினால் போதும் என்றான் ஓபேத். யாரும் ஒன்றோடு நிற்கவில்லை. தன் பங்குக்குக் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதில்லையா? பத்து மணிக்கு வயல் சேறாகி, செடிகள் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டன.

அப்போது பெனான் வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். விதைக்கடைக்காரனுக்கே உரிய சுத்தமான சட்டை. வயலைப் பார்த்தான். ஓபேத்தைப் பார்த்தான். முழங்கால்வரை சேறு.

“மாப்ள, இது நெல்லு வயலா?”

“கிண்டல் வேணாம் பெனான். இந்தச் சீட்டு வரலேன்னா இவங்க கதி என்னன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியாமயா வந்தேன்? கடையில அலமாரியில இவங்களுக்குன்னு ஒரு தட்டைக் காலியா விட்டு வெச்சிருக்கேன். நாலு மாசமா. என் பொண்டாட்டி அதுல சோப்பு அடுக்கணும்னு சண்டை போடறா.” சட்டைக் கையை மடித்தான். “செடி படுத்துக்கிச்சு. அவ்வளவுதானே? நிக்க வெச்சிடலாம். குச்சி இருக்கா?”

மலையில் குச்சிக்கா பஞ்சம்? பெனானின் பையில் சணல் உருண்டை இருந்தது. ஆளுக்கு ஒரு வரிசை எடுத்துக்கொண்டார்கள். குச்சியை ஊன்று, செடியைத் தூக்கு, கட்டு. இருபது நிமிடத்தில் ஐந்து வரிசையும் எழுந்து நின்றன. பெண்கள் கை தட்டினார்கள். பெனான் தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

ஓபேத் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். ஆய்வாளர் கேட்டால் கொடுப்பதற்காக, புது ரகத்தின் விவரத் தாளைப் பையிலிருந்து எடுத்தான். முதல் வரியைப் படித்தான்.

‘குட்டைச் செடி. கொடியாகப் படராது. குச்சி ஊன்றத் தேவையில்லை.’

“அவிழ்த்துடுங்க” என்றான்.

“என்னது?” என்றான் பெனான்.

“குச்சியில கட்டினா கொடி பீன்ஸ்னு ஆயிடும். ரகமே வேறன்னு எழுதிடுவாரு. அவிழ்த்துடுங்க! எல்லாத்தையும்!”

“முடிச்சு நான் போட்டது மாப்ள. அவிழ்க்கிற முடிச்சு இல்ல.”

வளைவில் ஹாரன் கேட்டது.

ஒன்றன்பின் ஒன்றாக நாலு வண்டிகள். கிஹும்பே ரோட்டில் ஒரு வண்டி போனால் எதிரே வருபவர் வாழைமரத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தன் வண்டிதான் பலகைக்கு எதிரே நிற்க வேண்டும் என்று நாலு ஓட்டுநர்களும் நினைத்தார்கள். ஒருவர் பின்னால் எடுத்தார். ஒருவர் முன்னால் எடுத்தார். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

பாஸ்டரின் ஆடுகள் சரியாக அந்த நேரத்தில் மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பதினேழு ஆடுகள். முன்னால் வண்டி, பின்னால் வண்டி. ஒரே ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. அந்தப் பக்கம் வயல்.

உள்ளே குதித்த ஆடுகள் முதலில் திகைத்து நின்றன. பிறந்ததிலிருந்து குனிந்தே மேய்ந்த ஜீவன்கள். இங்கே ஒவ்வொரு செடியையும் கழுவி, வாய்க்கு எட்டும் உயரத்தில் குச்சியில் கட்டி யாரோ பரிமாறியிருந்தார்கள்.

“விரட்டு! விரட்டு!” என்று ஜெனரோசா கத்தினாள். முப்பது பெண்களும் சேற்றில் இறங்கினார்கள். ஆடுகள் வரிசை மாறி ஓடின. பெனான் ஓர் ஆட்டின் காலைப் பிடித்தான். சுத்தமான சட்டையின் கதை அதோடு முடிந்தது. கடைசியில் ஆடுகள் பின்பக்க வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கின. பாஸ்டரின் ஆடு தொலைந்தால் ஊருக்கே கெட்ட பெயர். பெண்கள் அத்தனை பேரும் அவற்றின் பின்னால் ஓடினார்கள். ஜெனரோசாவின் விசில் கீழே கீழே போய்த் தேய்ந்தது.

வயலில் குச்சிகள் நின்றன. சணல் நின்றது.

ஆய்வாளர் லுட்டாயா வண்டியிலிருந்து இறங்கினார். உயரமான மனிதர். அவசரம் தெரியாதவர். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, படிவம் செருகிய அட்டையோடு சேற்றில் இறங்கி நாலு மூலையும் நடந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று நிதானமாகப் பார்த்தார். மற்றவர்கள் வரப்பில் நின்று காலணியைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

“எங்க விதையில குறைன்னு எழுதினது யாரு?” என்றார் ஆராய்ச்சி நிலையத்து அம்மா.

“அதை அப்புறம் பேசலாம். இது கூட்டுப் பொறுப்பு” என்றார் மாவட்ட அதிகாரி.

“அப்போ உங்க பங்கு எது?” என்றான் பெனான், சட்டையைப் பிழிந்துகொண்டே.

“நேயர்களே,” என்றார் வானொலிக்காரர் ஒலிவாங்கியில், “இயற்கை எழில் கொஞ்சும் கிஹும்பேயிலிருந்து...” வயலைப் பார்த்தார். ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்.

லுட்டாயா திரும்பி வந்தார்.

“மிஸ்டர் ஓபேத். பன்னெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். மாறுசெடி ஒண்ணுகூட இல்லாத வயலை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

“நன்றி சார்.”

“செடியும் இல்ல.”

ஓபேத் தலையை ஆட்டினான். சொல்வதற்கு நிறையப் பொய்கள் தயாராக இருந்தன. காற்று, காட்டுப்பன்றி, நேற்றைய மழை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எதையும் தூக்கத் தெம்பில்லை.

“சார், தப்பு என்னுது. காலையில ஊதாப் பூ இருந்துச்சு. நான்தான் பிடுங்கச் சொன்னேன். இடம் மாத்தி நட்டது, தண்ணி ஊத்தினது, குச்சி கட்டினது எல்லாம் எனக்காக. அவங்க நல்ல விவசாயிங்க. ரெண்டு நாள் பயிற்சியில ஒருத்திகூடத் தூங்கல. நான் தூங்கினேன் சார். நான் கத்துக்குடுக்கிறப்பவே எனக்குத் தூக்கம் வந்துச்சு. அவங்க தூங்கல. இந்தப் பருவம் சீட்டு வரலேன்னா விதை வேற மலைக்குப் போயிடும். என் பேரை எழுதிக்குங்க. அவங்க பேரை விட்டுடுங்க.”

அவன் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. வானொலிக்காரர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

லுட்டாயா பையிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் காட்டினார். புத்தம்புதிய பச்சைச் சீட்டுகள். ரப்பர் வளையம் போட்டிருந்தது.

“இதைப் பாருங்க. நாலு மாசமா பையில தூக்கிட்டுத் திரியறேன். ரப்பர் வளையத்தைக்கூட இன்னும் எடுக்கல. குடுக்க ஆசை இல்லாமயா இந்த மலை ஏறி வர்றேன்? ஆனா பார்த்ததைத்தான் எழுத முடியும். நான் பார்த்தது குச்சி.”

“புரியுது சார்.”

“கோவிச்சுக்காதீங்க.”

“இல்ல சார்.”

பெனான் திரும்பி நின்றுகொண்டான். காலியான தட்டில் நாளைக்கே சோப்பு ஏறிவிடும். நிலையத்து அம்மா, விதையை வாங்கிக்கொள்ள இன்னொரு மலையில் ஆள் காத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. ஓபேத் பள்ளத்தைப் பார்த்தான். ஆடுகளோடு பெண்கள் மேலே ஏறி வருவது புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே வருகிறார்கள். ஆடு எல்லாம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். பச்சை நூலை என்ன செய்யச் சொல்வது?

லுட்டாயா அட்டையைச் சாய்த்துப் பிடித்துப் பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். ஊர் எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

எதிர்ப்பக்கம், மேட்டிலிருந்து ஒரு பெண் தலையில் கூடையோடு இறங்கி வந்தாள். குழுவின் முப்பத்தொன்றாவது ஆள் டோபிஸ்டா. வந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவருவது அவள் பொறுப்பு. கூடையில் வாழையிலைக்கு அடியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பீன்ஸும் ஆவி விட்டன. கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெரியவர்கள் பேசுகிறார்களே என்று கொஞ்சம் தள்ளி நின்றாள். குச்சிகளைப் பார்த்தாள். ஓபேத்தின் முகத்தைப் பார்த்தாள். படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்ன சார், இங்கயே நின்னு எழுதிட்டிருக்கீங்க?” என்றாள். “இது வண்டியில வர்றவங்க பார்க்கட்டும்னு ரெண்டு கிண்ணம் விதை மட்டும் போட்டு வெச்ச வயல். ஓபேத் அண்ணன் பயிற்சியில சொன்னபடி போட்ட விதை வயல் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு, சாப்பிட்டுட்டு நடங்க, கூட்டிட்டுப் போறேன்.”